'பாலிஷ் போடாத அரிசி' என்று வாங்குவது உண்மையிலேயே பாலிஷ் போடாததுதானா?

வயலோரம் எழுதியது:

மளிகைக் கடையில் 'கைக்குத்தல்', 'செமி பாலிஷ்', 'சிங்கிள் பாலிஷ்', 'பாலிஷ் போடாதது' என்று நாலு விதமாக எழுதி, சாதாப் பொன்னியைவிட விலையைக் கூட்டி விற்கிறார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாலும் ஏறக்குறைய ஒரே நிறம். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மருத்துவர் 'வெள்ளை அரிசியைக் குறையுங்கள்' என்று சொன்னதும் பலரும் நேரே போய் நிற்பது இந்த மூட்டைகளுக்கு முன்னால்தான்.

மில்லில் என்ன நடக்கிறது, வீட்டில் எப்படிச் சோதிப்பது, உடம்புக்கு எவ்வளவு வித்தியாசம், சமைத்தால் வீட்டில் சாப்பிடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு எழுதுங்கள். 'இயற்கைக்குத் திரும்புவோம்' வகைப் பதிவுகள் வேண்டாம், அது ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் நிறைய வருகிறது.

---

ரப்பர்ரோல் எழுதியது:

மில் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 100 கிலோ நெல் உள்ளே போனால் சுமார் 20 கிலோ உமியாகப் போய்விடும். மிச்சம் 80 கிலோ, தவிட்டோடு இருக்கிற பழுப்பு அரிசி. அதைத் தீட்டும்போது இன்னும் எட்டு கிலோ வரை தவிடு போகும். கருக்காய், தூசி, பொடிக் குருணை கழிந்து கடைசியில் மூட்டைக்கு வருவதைப் பார்த்தால், அரசு அரவைக்கு வைத்திருக்கும் கணக்குக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும்: பச்சரிசிக்கு 67 கிலோ, புழுங்கலுக்கு 68 கிலோ.

வரிசை இதுதான். சல்லடையும் கல் நீக்கியும் தாண்டி நெல் ரப்பர் ரோல் ஷெல்லருக்குள் விழும். எதிரெதிரே சுற்றும் இரண்டு ரப்பர் உருளைகள், ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. அந்த வேக வித்தியாசத்தில் உமி மட்டும் உரிந்துவிடும், அரிசிக்குப் பெரிய அடி இல்லை. அடுத்து செபரேட்டர், உரியாத நெல்லைத் தனியாகப் பிரிக்கும். இங்கே மூட்டை பிடித்தால் அதுதான் பாலிஷ் போடாத அரிசி. இதற்கு அடுத்து வருகிறவை தீட்டுகிற மெஷின்கள்தான்.

பிறகு எமரிக் கல் வைத்த ஒயிட்னர், மில்லில் 'கோன்' என்போம். ஒன்றா, இரண்டா, மூன்றா என்பது மில்லைப் பொறுத்தது. ஒவ்வொரு கோனிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவிடு சீவப்படும். கடைசியில் சில்கி: நீர்த்துளியைத் தூவி அரிசியை அரிசியோடு உரசவிட்டு, ஒட்டியிருக்கும் தவிட்டுத் தூளையும் எடுத்துப் பளபளப்பாக்கும். அப்புறம் கிரேடர் குருணையைப் பிரிக்கும், சார்டெக்ஸ் கருப்பு அரிசியை ஒவ்வொன்றாகக் காற்றால் தட்டிவிடும்.

'சிங்கிள் பாலிஷ்' என்றால் ஒரு கோன் மட்டும் ஓட்டியது என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒரே கோனைக் கதவை இறுக்கி ஓட்டினால் மூன்று கோன் எடுக்கும் தவிட்டை எடுத்துவிடலாம். அதனால் அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. எத்தனை சதவீதம் தவிடு எடுத்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்களுக்குத் தெரியாது, மில்காரருக்குத் தெரியும்.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

> பளபளப்பாக்கும்

அந்தப் பளபளப்பு மெழுகு என்று வீடியோ போடுகிறார்களே சார்? அரிசியைக் கழுவினால் வெள்ளையாக வருவது அந்த மெழுகுதானாம்.

---

ரப்பர்ரோல் எழுதியது:

மெழுகு தண்ணீரில் கரையாது தம்பி, அப்புறம் எப்படிக் கழுவும் நீரில் வெள்ளையாக வரும்? அது அரிசி மாவும் தவிட்டுத் தூளும். சில்கியில் போவது தண்ணீர்தான். தீட்டியதால் வருகிற நஷ்டத்தைப் பேசுவோம், இல்லாத மெழுகை விட்டுவிடுங்கள்.

மில்காரர் ஏன் தீட்டுகிறார் என்றும் சொல்லிவிடுகிறேன். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, பச்சைத் தவிட்டில் 15 முதல் 20 சதவீதம், புழுங்கல் தவிட்டில் அதைவிடக் கூட. எண்ணெய் ஆலைக்குத் தவிடு விலைக்குப் போகும். வெள்ளை அரிசி மாதக்கணக்கில் கெடாது. வாங்குகிறவரும் வெள்ளையாக இருந்தால்தான் 'நல்ல அரிசி' என்கிறார். மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும்போது மில் எந்தப் பக்கம் போகும்?

---

ஆய்வுமேசை எழுதியது:

வீட்டில் சோதிக்க மூன்று வழி. முதலில் கண். பத்துப் பதினைந்து அரிசியை வெள்ளைத் தட்டில் பரப்பி, கண்ணாடி வில்லை அல்லது கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரிசியின் ஒரு முனையில் ஓரமாகச் சின்ன முளைக்கரு ஒட்டியிருக்க வேண்டும். அந்த இடம் குழிவிழுந்து காலியாக இருந்தால் கோனுக்குள் போய்வந்த அரிசி. நீளவாக்கில் ஓடும் வரிகளில் மட்டும் பழுப்புக் கோடு மிச்சமிருந்து, மேட்டுப் பகுதி வெளுத்திருந்தால் அரைகுறையாகத் தீட்டியது.

இரண்டாவது அயோடின். மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலில் ஒரு சொட்டை, தேக்கரண்டியளவு தண்ணீரில் கலந்து அதில் பத்து அரிசியை மூன்று நிமிடம் போட்டு அலசுங்கள். மாவுச்சத்து வெளியே தெரியும் இடம் கருநீலமாகும், தவிடு மூடிய இடம் மஞ்சள் பழுப்பாகவே நிற்கும். முழுதாகத் தீட்டியது உடம்பெல்லாம் கறுக்கும். பாலிஷ் போடாததில் உடைந்த முனையிலும் கீறல்களிலும் மட்டும் கறுப்பு தெரியும். பக்கத்தில் சாதா வெள்ளை அரிசியையும் அதே நேரம் நனைத்து வையுங்கள், ஒப்பிட ஒன்று இல்லாமல் நிறம் பார்த்தால் மனம் விரும்பியதுதான் தெரியும். சோதித்த அரிசியைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது பச்சரிசிக்கு மட்டும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி, ஒன்றரை நாள் வரை வையுங்கள், நடுவில் இரண்டு முறை அலசுங்கள். கரு உயிரோடு இருந்தால் முனையில் வெள்ளைப் புள்ளி எட்டிப்பார்க்கும். பழைய இருப்பென்றால் முளைப்பு குறையும், எனவே முளைக்கவில்லை என்பதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்லாதீர்கள். புழுங்கல் எப்படியும் முளைக்காது, வேகவைத்ததிலேயே கரு செத்துவிடும்.

கருப்புக் கவுனியைக் கழுவினால் தண்ணீர் ஊதாவாகும், சாயம் என்று பயப்பட வேண்டாம், அதன் தவிட்டு நிறமியே அப்படித்தான். அந்தத் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், மற்றதில் சமையல் சோடா போட்டால் நீலம் அல்லது பச்சைப் பக்கம் மாறும். நிறம் அசையாமல் அப்படியே நின்றால் அப்போது சந்தேகப்படலாம்.

---

சத்துக்கணக்கு எழுதியது:

ஆய்வுமேசை சார் சொன்ன 'அரைகுறையாகத் தீட்டியது' என்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. பலர் நினைப்பது, பாதி தீட்டினால் பாதி நன்மை மிஞ்சும் என்று. சர்க்கரை விஷயத்தில் அப்படி இல்லை.

சென்னையில் நீரிழிவு ஆய்வு நிறுவனம் ஒன்று பி.பி.டி 5204 என்ற ஒரே ரகத்தை எடுத்து மூன்று நிலையில் கிளைசீமிக் குறியீட்டை, அதாவது சாப்பிட்டபின் ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்ற எண்ணை, அளந்தது. பழுப்பு அரிசி சுமார் 58. இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தீட்டியது சுமார் 73. முழுதாக, ஒன்பது சதவீதத்துக்கு மேல் தீட்டியது சுமார் 80. குறியீடு 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70 தொட்டாலே அதிகம் என்று வைத்திருக்கிறார்கள். அதாவது ஒரே ஒரு லேசான ஓட்டத்தில் அரிசி 'அதிகம்' வகைக்குத் தாவிவிட்டது. மீதித் தவிட்டையும் எடுத்தபோது ஏறியது கொஞ்சம்தான்.

காரணம், தவிட்டுப் படலம் முழுதாக மூடியிருக்கும்வரைதான் தண்ணீர் உள்ளே நுழைவதும் அரிசி வெடிப்பதும் மெதுவாக நடக்கும். ஓரிடத்தில் கிழிந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய் மாவு வெந்து வீங்கிவிடும். அதனால் சர்க்கரைக்காக வாங்குகிறவருக்குச் 'செமி பாலிஷ்' பெரிதாக உதவாது. பி வைட்டமினுக்கும் நாருக்கும் கொஞ்சம் உதவும்.

வைட்டமின் கணக்கு வேறு கதை. 100 கிராமில் தயமின், அதாவது பி1, தீட்டாத அரிசியில் சுமார் 0.27 மில்லிகிராம், தீட்டிய பச்சரிசியில் 0.05, தீட்டிய புழுங்கலில் 0.17. இரண்டும் தீட்டியவைதான், ஆனாலும் புழுங்கலில் மூன்று மடங்கு. ஏன் என்று ரப்பர்ரோல் சார் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

ரப்பர்ரோல் எழுதியது:

புழுங்க வைப்பதில்தான் மேடம். நெல்லை 65, 70 டிகிரி வெந்நீரில் மூன்று நாலு மணி நேரம் ஊறப்போடுவோம். பழைய முறையில் பச்சைத் தண்ணீரில் ஒன்றிலிருந்து மூன்று நாள், அதில் நெல் புளித்து ஒரு வாடை வரும், அந்த வாடை சோற்றிலும் இருக்கும். ஊறும்போது தவிட்டிலும் கருவிலும் இருக்கிற கரையும் சத்து தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கும். பிறகு உமி வாய் பிளக்கும்வரை நீராவி. மாவு பசையாகி இறுகுவதால் இறங்கிய சத்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் தவிட்டைச் சீவினாலும் அதில் ஒரு பங்கு தப்பிவிடும்.

தப்பு நடக்கிற இடம் காயப்போடுவது. வெந்த நெல்லில் ஈரம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதை 14க்குக் கொண்டுவர வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால் வெளிப்புறம் சுருங்கி உள்ளே ஈரம் நிற்கும், அரிசி விரிசல் விடும், மில்லில் அத்தனையும் குருணை. அதனால் 16, 18 சதவீதத்தில் நிறுத்திச் சில மணி நேரம் குவித்து ஆறவிட்டுத்தான் இரண்டாம் முறை டிரையரில் ஏற்றுவார்கள். அவசரத்தில் ஈரத்தோடு மூட்டை பிடித்தால் பூசணம். களத்தில் வெயிலில் போட்டாலும் இதே கணக்குதான், கால் மணிக்கு ஒருமுறை காலால் கிளறாவிட்டால் மேல் நெல் வெடிக்கும், அடி நெல் வியர்க்கும்.

---

குத்தரிசி_யாழ் எழுதியது:

புழுங்கல் பற்றிக் கதைக்கிறதெண்டால் மலாயாவைச் சொல்லாமல் விடேலாது. நூற்றி இருபது வருசத்துக்கு முன்னம் அங்க ஈயச் சுரங்கத்தில வேலை செய்த சீனத் தொழிலாளருக்குப் பெரிபெரி (பி1 குறைவால வாற வருத்தம்) வந்து காலும் முகமும் வீங்கி, இதயம் விழுந்து கூட்டமாச் செத்தவை. அதே ஊரில தோட்டத்தில வேலை செய்த தமிழருக்கு அந்த வருத்தம் மிகக் குறைவு. பிராடன் எண்ட மருத்துவர் 1907இல இதைப் புத்தகமாவே எழுதினவர். வித்தியாசம் சாதியுமில்லை காலநிலையுமில்லை. சீனர் சாப்பிட்டது சயாமில (இப்பத்தைய தாய்லாந்து) இருந்து வந்த தீட்டின வெள்ளைப் பச்சையரிசி, தமிழர் சாப்பிட்டது புழுங்கலரிசி.

1905இல பிளெட்சர் எண்டவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில நோயாளரை இரண்டாப் பிரிச்சு ஒரு பக்கத்துக்கு வெள்ளையரிசி, மற்றப் பக்கத்துக்குப் புழுங்கல் குடுத்தார். பெரிபெரி வெள்ளைப் பக்கத்தில்தான் பெருகினது. இண்டைக்கு அப்பிடியொரு சோதினைக்கு எந்த ஒழுக்கக் குழுவும் அனுமதி தராது. பத்தாவியாவில (இப்பத்தைய ஜகார்த்தா) எய்க்மன் எண்ட மருத்துவர் கோழியில கண்டதும் இதைத்தான், அவருக்கு 1929இல நோபல் கிடைச்சது.

இப்பத்தைய ஆபத்து பெரிபெரி இல்லை, நீரிழிவுதான். எண்டாலும் தவிட்டைச் சீவி எறிஞ்சால் என்ன நடக்குமெண்டு உலகம் முதலில படிச்சது இந்த அரிசியிலதான். யாழ்ப்பாணத்தில மொட்டைக்கறுப்பன் நெல்லைப் புழுக்கி, ஒரு தீட்டுத் தீட்டிச் சிவப்பா விக்கிறவை இன்னும் இருக்கினம். அதிலயும் சத்துக்கணக்கு அக்கா சொன்ன அதே பிரச்சினை: சிவப்பு வரி வரியாக் கிடந்தால் அது தீட்டினதுதான்.

---

வடிதட்டு எழுதியது:

குக்கர் சோறு சர்க்கரையைக் கூட்டும், வடித்த சோறு குறைக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதையும் யாராவது தெளிவாக்குங்கள். கல்யாண மண்டபச் சமையலில் இதற்காகவே தனியாக வடித்துக் கேட்கிறார்கள்.

---

சத்துக்கணக்கு எழுதியது:

வடிகஞ்சியில் போவது 100 கிராம் அரிசிக்குச் சில கிராம் மாவு. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். அதில் சில கிராம் போனதால் சர்க்கரை நோய்க்கு விடிவு வராது. ஆனால் தண்ணீரில் கரையும் பி வைட்டமின்கள் கணிசமாகக் கஞ்சியோடு போய்விடும். புழுங்கலில் மில்காரர் சிரமப்பட்டு உள்ளே இறக்கியதை நாம் சிங்க்கில் ஊற்றுகிறோம். வடித்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து குடித்துவிடுங்கள், ஆனால் குடித்த கஞ்சியின் மாவும் கணக்கில் வரும்.

குக்கர் பழிக்கு ஒரு சின்ன உண்மை உண்டு. குழைந்த சோறு சீக்கிரம் செரிக்கும், வடித்த சோறு பெரும்பாலும் உதிரியாக இருக்கும். ஆக வடித்ததா குக்கரா என்பதைவிடக் குழைந்ததா உதிரியா என்பதுதான் கேள்வி. குக்கரிலும் தண்ணீரைக் குறைத்தால் உதிரியாக வரும்.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

எல்லாம் சரி. தாத்தா காலத்தில் மூன்று வேளையும் சோறுதானே? அப்போது ஏன் இத்தனை சர்க்கரை இல்லை?

---

சத்துக்கணக்கு எழுதியது:

நியாயமான கேள்வி, ஆனால் மூன்று வேளையும் சோறு என்பது எல்லா வீட்டிலும் இல்லை. கம்பங்கூழும் கேப்பைக்களியும் பாதி நாடு சாப்பிட்டது. சோறு தின்ற வீட்டிலும் ஏர் உழுதவர் உடம்பு அதை எரித்தது. நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருகிறவர் அதே அளவைத் தட்டில் போட்டுக்கொள்வதுதான் இன்றைய சிக்கல். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, அதன் விளிம்பில் இருப்பவர்கள் சுமார் 13.6 கோடி.

ஒரு சாதாரண நாளைத் தராசில் வைத்துப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி: ஒன்றுக்கு அரிசி 15 கிராம் என்று 60 கிராம். மதியம் ஒரு தட்டுச் சோறு: அரிசியாக 150 கிராம், வெந்தால் 400 கிராமுக்கு மேல். இரவு மூன்று தோசை: 90 கிராம். மொத்தம் அரிசி மட்டும் 300 கிராம். 2024இல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவன வழிகாட்டி 2000 கலோரி உணவுக்குச் சொல்வது, எல்லாத் தானியமும் சேர்த்துச் சுமார் 250 கிராம், பருப்பு வகை சுமார் 85 கிராம், காய்கறி 400 கிராம். மேலே சொன்ன நாளில் சாம்பாரில் கரைந்த பருப்பு, ஒரு கரண்டி பொரியல் என்று போட்டால் காய் 100 கிராம் தொட்டாலே அதிகம்.

அதனால் அரிசி ரகத்தை மாற்றுவதற்கு முன் கரண்டியை மாற்றுங்கள். மாப்பிள்ளைச் சம்பாவை 400 கிராம் வெந்த சோறாகச் சாப்பிட்டாலும் அது 400 கிராம் சோறுதான்.

---

வயலோரம் எழுதியது:

இது உறைக்கிறது. 'பாரம்பரிய ரகம்' என்ற பெயருக்கே மருந்துபோல விலை கொடுக்கிறோம்.

---

ரப்பர்ரோல் எழுதியது:

அதிலும் கவுனி, பூங்கார், காட்டுயானம் எல்லாம் பாலிஷ் போட்டு வெளுத்து விற்பதும் நடக்கிறது. வரகு, சாமை, குதிரைவாலி இன்னும் மோசம். பளிச்சென்ற வெள்ளைச் சாமை என்றால் அதன் தவிடும் போய்விட்டது. பழுப்பு மஞ்சளாக, லேசான மண்வாடையோடு இருப்பதைக் கேளுங்கள். சிறுதானியம் என்பதால் மட்டும் குறியீடு குறையாது.

---

வடிதட்டு எழுதியது:

சமைக்கும் பகுதிக்கு வருகிறேன், இதில்தான் பெரும்பாலான வீடுகளில் பழுப்பு அரிசி இரண்டாம் நாளே அலமாரிக்குள் போகிறது.

ஒரு டம்ளர் அரிசியை இரவே ஊறப்போடுங்கள், எட்டு மணி நேரம். ஊறிய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் மூன்று டம்ளர். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம், பிறகு அணைத்து ஆவி தானாக அடங்கட்டும். ஆவியைத் தட்டி வெளியே விட்டால் நடுவில் கடிக்கும். ஊறாமல் எட்டு விசில் விட்டாலும் வெளியே வெடித்து உள்ளே கடிக்கும், காரணம் சத்துக்கணக்கு மேடம் சொன்ன அந்தப் படலம்.

பழக்க வேண்டுமென்றால் வெள்ளையோடு கலக்கலாம், ஆனால் ஒரே பாத்திரத்தில் ஒன்றாக வைக்காதீர்கள், ஒன்று குழையும், மற்றது நிற்கும். தனித்தனியாக வேகவைத்துத் தட்டில் கலக்கவும். முதல் வாரம் வெள்ளை மூன்றுக்குப் பழுப்பு ஒன்று, பிறகு பாதிக்குப் பாதி. திடீரென்று முழுதும் மாற்றினால் வயிறு உப்பும், அத்தோடு விட்டுவிடுவார்கள்.

ரசத்துக்கும் தயிருக்கும் இது ஒட்டாது. புளிக்குழம்பு, காரக்குழம்பு, கீரை மசியல், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம் எல்லாம் சேரும். இட்லிக்கு அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று என்பதைப் பழுப்புப் புழுங்கலோடு இரண்டரைக்கு ஒன்று ஆக்குங்கள். தவிட்டுத் துணுக்குகள் மாவில் காற்று நிற்க விடாது, உளுந்து கூடினால்தான் இட்லி எழும். உளுந்தைத் தனியாக நன்றாகப் பொங்க ஆட்டுங்கள். அப்படியும் மல்லிகைப்பூ இட்லி வராது, வரும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

---

நீராகாரம் எழுதியது:

பழைய சோறு பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கூடும், சர்க்கரைக்கு நல்லது என்கிறார்கள்.

---

ஆய்வுமேசை எழுதியது:

கூடும், ஆனால் கொஞ்சம்தான். சோறு ஆறும்போது மாவின் ஒரு பகுதி மறுபடி இறுகிச் சிறுகுடலில் செரிக்காமல் போகும். அதை நம்பி அளவைக் கூட்டினால் வந்த லாபம் போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்து இருக்கும், கொதித்தாலும் சாகாது. வெந்த சோறு மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்து நஞ்சு விடும். அந்த வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மதியம் வைத்த சோற்றை இரவு வரை மூடிவைத்து ஃபிரைட் ரைஸ் போடுவதில் இதுதான் ஆபத்து.

பழைய சோற்றுக்கு: வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி, மூழ்கும்வரை நல்ல தண்ணீர் ஊற்றி, மண்பானையில் 8 முதல் 10 மணி நேரம். முதல் நாள் நீராகாரத்தில் ஒரு கரண்டி கலந்தால் சீக்கிரம் புளிக்கும், புளிப்பு ஏறினால் கெட்ட கிருமி வளர்வது தடைப்படும். சித்திரை வெயிலில் ஆறு மணி நேரமே போதும். மோர்ப் புளிப்பு வாசனை சரி. கொழகொழவென்று நூல் இழுத்தாலோ அழுகல் வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள், வெங்காயம் போட்டுச் சரிசெய்ய முடியாது.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி மிதக்கிறது என்பதற்கும் பதில் சொல்லிவிடுங்கள், இழை முழுமையாகட்டும்.

---

ரப்பர்ரோல் எழுதியது:

அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து எக்ஸ்ட்ரூடரில் அரிசி வடிவத்திலேயே அச்சாக்கி எடுப்பது. 100 அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலப்பது. நிறம் சற்று மாறியிருக்கும், எடை குறைவென்றால் மிதக்கும். பொறுக்கி எறிகிறவர்கள் சத்தைத்தான் எறிகிறார்கள். சந்தேகம் என்றால் ஒரு மணியைத் தீயில் காட்டுங்கள்: பிளாஸ்டிக் உருகிச் சொட்டும், இது கருகும். கொதிக்கவைத்தால் மற்ற அரிசிபோல வெந்து நசுங்கும்.

---

சத்துக்கணக்கு எழுதியது:

ஒரு சேர்க்கை: தலசீமியா, அரிவாள் செல் சோகை உள்ளவர்கள் இரும்பு சேர்த்த அரிசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் நிறையத் தண்ணீரில் வைத்து வடித்துக் கொட்டாமல் அளவுத் தண்ணீரில் சமைத்தால் சேர்த்தது தட்டுக்கு வரும்.

பழுப்பு அரிசியும் எல்லாருக்கும் இல்லை. தவிட்டில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கூட, முற்றிய சிறுநீரக நோயாளிகள் தாங்களாக மாறக் கூடாது. தவிட்டில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும். ஊறவைப்பதில் கொஞ்சம் குறையும், சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு உறிஞ்சுவது மேம்படும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கெடும். இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவர் சோற்றின் அளவைச் சட்டென்று குறைத்தால் தாழ்சர்க்கரை வரும், மருந்தளவையும் சேர்த்துப் பேசிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

எந்த அரிசி தனக்கு ஒத்துவருகிறது என்று வீட்டு குளுக்கோமீட்டரிலேயே பார்க்கலாம். வேகாத அரிசியாக 60 கிராம் எடைபோட்டுச் சமைத்து, அதே குழம்பு, அதே பொரியல், அதே நேரம். சாப்பிடுமுன் ஒரு அளவு, முதல் கவளத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு அளவு. பழைய அரிசியில் மூன்று நாள், புது அரிசியில் மூன்று நாள். ஏற்றத்தை மட்டும் ஒப்பிடுங்கள், கடைசி எண்ணை அல்ல. ஒரு நாள் அளந்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள், முதல் நாள் தூக்கம் கெட்டிருந்தாலே எண் மாறும். அடுத்த வாரம் அதே அரிசியில் காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டுப் பாருங்கள். சிலருக்கு அரிசி மாற்றியதைவிட இதில் வித்தியாசம் அதிகம் தெரியும்.

---

வயலோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: பாலிஷ் போடாததை 25 கிலோ மூட்டையாக வாங்கலாமா? சீக்கிரம் வண்டு விழுகிறது, ஒரு மாதிரி கசப்பும் வருகிறது.

---

ரப்பர்ரோல் எழுதியது:

வாங்காதீர்கள். ஷெல்லர் உமியை உரித்த நிமிடமே தவிட்டு எண்ணெய் காற்றோடு சேரத் தொடங்கிவிடும், நீங்கள் சொல்லும் கசப்பு அதுதான். பச்சரிசியில் வேகமாக, புழுங்கலில் சற்று மெதுவாக. அரைத்த தேதி கேட்டு, நாலு பேர் வீட்டுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். வாங்கியதும் கை நிறைய அள்ளி மோந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாடை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் இறுக்கமான டப்பாவில், அடுப்புக்குத் தூரமாக. ஃபிரிட்ஜில் இடமிருந்தால் அங்கேயே. வண்டு முட்டைக்கு, உலர்ந்த பையில் கட்டி ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுங்கள், வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் படிந்து பூசணம் பிடிக்கும். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் வண்டைக் கொஞ்சம் தள்ளிவைக்கும், விழுந்ததைக் கொல்லாது. போரிக் பவுடர் கலக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, அது பூச்சிக்கு மட்டும் நஞ்சு இல்லை, அரிசியில் போடவே கூடாது.

---

வடிதட்டு எழுதியது:

லேசாகக் கசந்த அரிசியை இட்லிக்கு ஊறப்போட்டால் தெரியாது என்று யாராவது சொல்வார்கள். தெரியும். தோசை வார்க்கும்போது கல்லிலேயே அந்த வாடை எழும்பும்.